ஊசி காத்திருந்த பகல்

தாகத்தில்தான் ஆரம்பித்தது.

இந்த வியாதி வந்து, ஊசியின் தயவில் பிழைத்திருக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம் பேர் இல்லை. என் உடம்புக்கு நேர்ந்ததையும் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களையும் எழுதி வைத்தால் யாருக்காவது உதவும் என்று என் மனைவி செல்லாயி சொன்னாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் எழுத எழுத வாசிக்கச் சொல்லிக் கேட்டு, "அப்படி இல்லீங்க, அன்னிக்கு நடந்தது வேற" என்று திருத்தியவள் அவள்தான். நினைவில்லாமல் நான் கிடந்த நேரத்து விஷயங்கள் எல்லாம் அவள் சொல்லி எழுதியவை.

நான் அம்மை குத்துகிறவன். பெயர் செங்கோடன். கொல்லிமலையில் நாடு என்று சொல்கிற ஊர்த்தொகுதிகளை ஒவ்வொன்றாகச் சுற்றி நடந்து, குழந்தைகளுக்கும் முன்பு தப்பித்துக்கொண்ட பெரியவர்களுக்கும் அம்மை வராதிருக்கக் கையில் கீறி, அம்மைப்பால் என்ற மருந்தை வைப்பது என் சர்க்கார் உத்தியோகம். சோளக்காடு என்ற ஊரில் புல் வேய்ந்த வீடொன்றில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அந்தக் கோடையில் மலையிலேயே குண்டூர் நாட்டுப் பக்கம் போயிருந்தேன். வழியில் எந்த ஓடையைக் கண்டாலும் குப்புறக் கிடந்து குடித்தேன். குடித்த தண்ணீர் அடுத்த மேடு ஏறுவதற்குள் நீராகப் போய்விடும். நாக்கு மறுபடியும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பசியும் அப்படித்தான். இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். ஆனாலும் சட்டை நாளுக்கு நாள் தொளதொளத்தது.

"ஏனுங்க, நீங்க திங்கறதெல்லாம் எங்கீங்க போவுது?" என்று செல்லாயி கேட்டாள். சில நாள் கழித்து, வீட்டுக்குப் பின்னால் நான் நீர் பிரிக்கிற இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துவிட்டு வந்து என் முகத்தையே பார்த்தாள்.

அடிவாரத்து வைத்தியர், "இது இனிப்பு நீருங்க" என்றார். நாவல்கொட்டைப் பொடி கொடுத்தார். ஆவாரம்பூக் கஷாயம் குடிக்கச் சொன்னார். குடித்தேன். வயதானவர்களுக்கு மெதுவாக வருகிற இனிப்பு நீருக்கு அதெல்லாம் கொஞ்சம் கேட்குமாம். என்னுடையது அந்த ரகம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மழை தொடங்கிய சமயம் வாசலூர்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூருக்குப் போனேன். என் பெட்டியைக் கண்டதும் ஜனங்கள் வழக்கம்போல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். யாருமில்லாத அந்த ஊர் நடுவில் வாந்தி எடுத்தேன். மூச்சு வாங்கியது. உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டேன். ஓடிப்போனவர்கள்தான் திரும்பி வந்து என்னைப் பார்த்தார்கள். ஒரு கம்பளியை மூங்கிலில் கட்டி, அதில் என்னைக் கிடத்தித் தூக்கினார்கள். "ஊசிக்கார சாமி மூச்சுல பலாப்பழ வாசம் வருது" என்று ஒரு பெண் சொன்னது எங்கோ தூரத்திலிருந்து கேட்பதுபோல் கேட்டது. வழியில் ஆள் அனுப்பிச் செல்லாயியையும் வரவழைத்தார்கள்.

மலைமேல் அப்போது ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. ஒரு டாக்டர், இரண்டு நர்ஸுகள், ஒரே கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள். டாக்டர் குனிந்து என் மூச்சை முகர்ந்தார். என் நீரைச் சில சொட்டு எடுத்து, ஒரு கண்ணாடிக் குழாயிலிருந்த நீல மருந்தில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது. சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். கூடக் கூடச் செங்கல்லை நோக்கிப் போகும். அந்த வருஷங்களில் மலையில் எங்களுக்கு இருந்த ஒரே சோதனை இதுதான். ரத்தத்தையே எடுத்துப் பார்க்கிற வசதி பெரிய பட்டணத்து ஆஸ்பத்திரிகளோடு சரி.

கொஞ்சம் தெளிந்த பிறகு டாக்டர் எனக்கு விளக்கினார். வயிற்றுக்குள் இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒரு உறுப்பு இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து வருகிற சர்க்கரையை உடம்பு பயன்படுத்திக்கொள்ள அதிலிருந்து ஒரு சாறு ஊற வேண்டும். என் உடம்பில் அது நின்றுபோய்விட்டது. சர்க்கரை ரத்தத்தில் நிறைந்து நீரில் போகிறது. உடம்போ பட்டினியில் தன் கொழுப்பையே எரிக்கிறது. அப்படி எரிக்கும்போது உண்டாகிற விஷம்தான் மூச்சில் பழ வாசமாக வருகிறது.

"அது முத்தினா?" என்று கேட்டேன்.

"மயக்கம் வரும். பிறகு எழுந்திருக்கிறதில்லை" என்றார்.

எனக்குப் பாவாயி என்று ஒரு தங்கை இருந்தாள். பன்னிரண்டு வயதில் ஓயாமல் தண்ணீர் கேட்டுக் கேட்டுக் குச்சியாக இளைத்து, கடைசி இரண்டு நாள் பெருமூச்சு வாங்கி, கண் திறக்காமலே போனாள். காத்து கருப்பு அடித்துவிட்டது என்று வேப்பிலை அடித்தோம். தண்ணீர் கொடுத்தால் காத்து இறங்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவள் கெஞ்சக் கெஞ்சச் சொம்பை எடுத்து ஒளித்து வைத்தார்கள். அவளைக் கொண்டுபோனது எது என்று அந்தக் கட்டிலில் கிடந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். செல்லாயி வலி என்று நினைத்துக் காலைப் பிடித்துவிட்டாள்.

நின்றுபோன சாற்றுக்குப் பதிலாக இன்சுலின் என்ற மருந்தை ஊசியில் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். "உங்ககிட்ட மறைச்சுப் போடமாட்டேன். மாட்டோட கணையத்திலேர்ந்து எடுக்கிற மருந்து இது."

நான் வைக்கிற அம்மைப்பாலும் கன்றின் தோலிலிருந்து எடுப்பதுதான். கேட்டவர்களிடம் அதைச் சொல்லித்தான் வைத்திருக்கிறேன். என் முறை என்று வந்தபோது மாட்டுப் பாவம் என்று தயங்கினேன். செல்லாயிதான் பேசினாள். "போடுங்க சாமி. பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

அன்றிலிருந்து காலையும் மாலையும் ஊசி. மருந்துச் சீசாவை ஈர மணல் நிரப்பிய பானைக்குள் புதைத்து வைத்திருப்பார்கள். கண்ணாடி ஊசியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். ஊசி போட்டதும் சிறிது நேரத்தில் சாப்பிட்டுவிட வேண்டும். அதற்கும் காரணம் உண்டு. உள்ளே போன மருந்துக்கு வேலை செய்யச் சர்க்கரை வேண்டும். சாப்பாடு வராவிட்டால் ரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் அது துடைத்து எடுத்துவிடும். அப்படி எடுத்துவிட்டால் மூளைக்கே ஆகாரம் இல்லாமல் போகும். அதிலும் மயக்கம்தான், சாவுதான். ஆக, இந்த வியாதிக்காரனுக்கு இரண்டு பக்கமும் பள்ளம். நடுவில் வரப்பு மாதிரி ஒரு வழி. அதில்தான் தினமும் நடந்தாக வேண்டும்.

நர்ஸுகளில் மூத்தவர் சொர்ணம். நாற்பது வயதிருக்கும். தெற்குச் சீமைக்காரர், அதிகம் பேசமாட்டார். இளையவள் பாக்கியம், சேந்தமங்கலத்துப் பக்கம். எங்களைப்போலவே பேசுவாள், சொர்ணத்தை அக்கா என்பாள். சாப்பாட்டு விஷயத்தைச் செல்லாயிக்கு முதல் நாளே சொர்ணம் சொல்லிக்கொடுத்தார். சாமைக் கஞ்சியை இந்தக் கிண்ணத்து அளவுக்குத்தான் தர வேண்டும். கீரை, மோர் தரலாம். வெல்லம், தேன், பழம் தொடக்கூடாது. "சர்க்கரை இவருக்கு விஷம், ஞாபகம் வச்சுக்க" என்றார்.

செல்லாயி அதை வேதமாகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் பலா மரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்த சடையன் என்ற மலைக்காரர் கிடந்தார். அவர் மனைவி ஒரு நாள் மூங்கில் குழாய் நிறையத் தேன் கொண்டுவந்து எனக்கும் கொஞ்சம் நீட்டினாள். செல்லாயி பாம்பைக் கண்டவள்போல் அதைத் தட்டிவிட்டாள். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் தன் கொல்லையில் பறித்த கீரையைக் கொண்டுவந்து தானே ஆய்ந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பாதி நேரம் காத்திருப்பதுதான். ஊசிக்குக் காத்திருக்க வேண்டும், கஞ்சிக்குக் காத்திருக்க வேண்டும், குழாயில் என்ன நிறம் வருகிறது என்று காத்திருக்க வேண்டும். பயம் அந்த இடைவெளிகளில்தான் வரும். மருந்து இலவசம் இல்லை. சம்பளத்தில் பெரும் பங்கு ஆயுசுக்கும் இதற்கே போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். யுத்தத்தினால் சேலத்துக்கே மருந்து சரியாக வருவதில்லை. ஒருமுறை சீசா தீர்ந்து, ஆள் கீழே போய் வாங்கி வருவதற்குள் ஒரு வேளை ஊசி தப்பிவிட்டது. அன்று மாலையே வாந்தியும் பெருமூச்சும் பழ வாசமும் திரும்பி வந்துவிட்டன. நான் வாய்க்கு வந்ததை உளறினேனாம். பாக்கியம்தான் விடியும் வரை என்னைப் பார்த்துக்கொண்டாள். பிழைப்பேன் என்று அவள் நம்பவில்லை. அந்தப் பயம் அவளைவிட்டுப் போகவே இல்லை. "இனி இவருக்கு ஊசி தப்பக்கூடாது" என்று கட்டில் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் டாக்டர் எழுதினார்.

அதற்குப் பிறகு ஒரு அடைமழை வாரம். அடிவாரத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகி, டாக்டரைக் கூட்டிப்போனார்கள். அன்று மாலையே மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது. அவர் எப்போது ஏறி வருவார் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அன்று இரவு வயிறு சரியில்லை. ஊசி போட்டிருந்தும் கஞ்சியில் பாதிதான் இறங்கியது. மீதியைச் செல்லாயி எடுத்து மூடி வைத்தாள்.

விடிந்து எழுந்தபோது முதுகுக்குக் கீழே துணி நனைந்திருந்தது. மழைக் குளிரில் எதற்கு வேர்க்கிறது என்று யோசித்தேன். யோசனை பாதியில் அறுந்துவிட்டது. விரல்கள் நடுங்கின. பாக்கியம் நீருக்குக் குடுவை நீட்டினாள், கொடுத்தேன். அவள் மேஜையில் விளக்கைப் பற்றவைத்துக் குழாயைக் காட்டியது தெரிந்தது. குழாய் இரண்டாகத் தெரிந்தது. பிறகு ஊசியோடு என்னிடம் வந்தாள். காரணமே இல்லாமல் அவள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. "அம்மைப்பாலைக் கொண்டுபோய் வெயில்ல வெச்சிட்டீங்களே! எல்லாம் கெட்டுப்போச்சு!" என்று கத்தினேனாம். இது செல்லாயி சொன்னது. இதற்கு மேல் எனக்கு நினைவில்லை.

சத்தம் கேட்டுச் சொர்ணம் வந்தார். என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"பாக்கியம், ஊசியைக் கீழ வை."

"அக்கா, நீர்ல சக்கரை இருக்குதுங்க. ஆரஞ்சு வந்திருக்குது பாருங்க. ஊசி தப்பக்கூடாதுன்னு டாக்டரு எழுதியே வெச்சிருக்காரு."

"ராத்திரி நடுவுல எழுந்து நீர் போனாரா?"

"இல்லீங்க."

"அப்ப இது ராத்திரி பூரா பையில தேங்கிக் கிடந்த நீர். ராத்திரிச் சங்கதியத்தான் அது சொல்லும். இப்பத்தச் சங்கதியை இவர் தோல் சொல்லுது. தொட்டுப் பாரு."

பாக்கியம் தொட்டாள். ஜில்லென்று ஈரமாக இருந்தது. ஆனாலும் அவள் ஊசியைக் கீழே வைக்கவில்லை. "ஊசி தப்புன அன்னிக்கும் இப்படித்தானுங்கக்கா ஒளறுனாரு. இன்னிக்கும் விட்டுப்போட்டு, அன்னிக்கு மாதிரி ஆயிருச்சுன்னா? டாக்டரும் இல்ல. நாம என்னங்க பண்றது?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. சர்க்கரை மிஞ்சினாலும் உளறல்தான், குறைந்தாலும் உளறல்தான்.

"அன்னிக்குத் தோல் காஞ்சு கிடந்துச்சு. மூச்சு வாங்குச்சு. குனிஞ்சு மோந்து பாரு, இன்னிக்கு அந்த வாசம் இருக்கா?"

பாக்கியம் குனிந்தாள். "இல்லீங்கக்கா."

"எனக்கும் நூத்துக்கு நூறு தெரியாது. ஆனா ஒண்ணு யோசி. சர்க்கரை கூடிக் கிடக்கிறவருக்கு இன்னும் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணி குடுத்தா அதனால இப்பவே உயிர் போயிராது. பின்னால சரிபண்ணிக்கிடலாம். சர்க்கரை இல்லாம கிடக்கிறவருக்கு ஊசியப் போட்டுட்டா, அப்புறம் சரிபண்ண ஆள் இருக்கமாட்டார்."

பாக்கியம் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சர்க்கரை கரைத்து வந்தாள். அதைப் பார்த்ததும் செல்லாயி எழுந்து குறுக்கே நின்றுவிட்டாள்.

"சக்கரை இவருக்கு வெசமுன்னு நீங்கதானுங்க நர்ஸம்மா சொன்னீங்க! ஒரு சொட்டுத் தேன் தொடவிடாம காத்துக்கிட்டு இருக்கறனுங்க நான். இப்ப டாக்டரு இல்லாத நேரமாப் பாத்து டம்ளர் டம்ளராக் குடுக்கறீங்களே, என்ற தாலிய அறுக்கப் பாக்கறீங்களா?"

"ஆமா தங்கச்சி, நான்தான் சொன்னேன்" என்றார் சொர்ணம். "மத்த நேரத்துக்கு அது விஷம்தான். இந்த நேரத்துக்கு அதுதான் மருந்து. வெளக்கிச் சொல்ல இப்ப நேரமில்ல. தப்பாப் போச்சுன்னா டாக்டர்கிட்ட என் பேரைச் சொல்லு. இப்ப அவர் தலையைத் தூக்கிப் பிடி."

செல்லாயி நகரவில்லை. பாக்கியம் சுற்றிக்கொண்டு வந்து டம்ளரை என் வாயில் வைத்தாள். நான் கையை வீசித் தட்டிவிட்டேன். தண்ணீர் கட்டிலெல்லாம் சிந்தியது. செல்லாயி என் தோளைப் பிடித்து, "ஏனுங்க, என்னைப் பாருங்க" என்றாள். நான் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மரியாதையாகக் கேட்டேனாம்: "நீங்க யாருங்க?"

இதை எழுதச் சொல்லும்போது இன்றும் அவள் குரல் மாறுகிறது. ஊசி தப்பின அன்று அவ்வளவு உளறலிலும் நான் அவள் பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேனாம். இது அதுவல்ல என்று அவளுக்கு அந்த ஒரு கேள்வியில் பட்டுவிட்டது. வேறு யோசிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலடியில் இருந்த தேன் குழாயை எடுத்துத் தன் விரலில் வழித்து, என் கன்னத்துக்கு உட்பக்கம் தடவினாள். "முழுங்குறாரா பாத்துக்க, புரையேறக் கூடாது" என்று சொர்ணம் என் தாடையைப் பிடித்துக்கொண்டார். நான் சப்பினேன். விழுங்கினேன். அப்புறம் பாக்கியம் மறுபடி கரைத்து வந்த சர்க்கரைத் தண்ணீரைத் துளித்துளியாகக் கொடுத்தார்கள்.

நான் திரும்பி வந்தது கிணற்றிலிருந்து வாளி மேலே வருவதுபோல் மெதுவாகத்தான். முதலில் மழைச் சத்தம் கேட்டது. பிறகு வாயில் இனிப்பு தெரிந்தது. இனிப்பை மறந்தே வெகுநாள் ஆகியிருந்தது. எதிரே செல்லாயியின் முகம். "செல்லாயி, ஏன் அழுவறே?" என்றேன். அவள் எழுந்து வெளித் தாழ்வாரத்துக்குப் போய்விட்டாள்.

இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். நர்ஸுகளுக்கு அப்போதுதான் பாரமே தொடங்கியது. ஊசி தட்டில் அப்படியே கிடந்தது.

சாமைக் கஞ்சியைக் குடிக்க வைத்தார்கள். வாந்தி வருகிறதா என்று பார்த்தார்கள், வரவில்லை. புதிதாகச் சேர்ந்த நீரைக் கேட்டு வாங்கிச் சொர்ணம் குழாயில் காட்டினார். நீலம் நீலமாகவே நின்றது. என் வியாதி தொடங்கிய பிறகு அந்த நிறத்தை நாங்கள் கண்டதே இல்லை. உள்ளே வந்திருந்த செல்லாயி, "சக்கரை போயிருச்சுங்களா? குணமாயிருச்சுங்களா?" என்று கேட்டாள்.

"இது சந்தோஷப்படற நீலம் இல்ல" என்றார் சொர்ணம்.

பாக்கியம் அட்டையைப் பார்த்தாள். "அப்ப இன்னிக்கு ஊசியே வேண்டாமுங்களாக்கா?"

"வேண்டாம்னு எப்படிச் சொல்ல? இவர் உடம்புல அது ஊறவே இல்லையே. இப்படியே விட்டா ராத்திரிக்குள்ள பழ வாசம் வந்து நிக்கும். போட்டுத்தான் ஆகணும். எப்பங்கிறதுதான் கேள்வி."

இரண்டு பேரும் என் கட்டிலுக்கு இரு புறமும் உட்கார்ந்து பேசினார்கள். என்னை வைத்துக்கொண்டேதான் பேசினார்கள், மறைக்கவில்லை. சாப்பிட்ட கஞ்சி ரத்தத்தில் ஏற வேண்டும். புது நீரில் கொஞ்சமாவது நிறம் மாற வேண்டும். மதியச் சாப்பாடு சமைத்து, கண்ணெதிரே தட்டில் இருக்க வேண்டும். அது வரை ஊசி இல்லை. அதற்குள் மூச்சு மாறினாலோ வாசம் வந்தாலோ காத்திருக்காமல் போட்டுவிட வேண்டும். இப்படி முடிவாயிற்று. ஆனால் எவ்வளவு போடுவது என்பதை மட்டும் அவர்களால் முடிவு செய்ய முடியவில்லை. அளவு டாக்டர் எழுதியது. அதை மாற்றுவது நர்ஸுகளின் வேலையல்ல. கேட்டுவர ஆள் அனுப்பவும் பாதை இல்லை.

அந்தப் பகல் எவ்வளவு நீண்டது என்று சொல்லத் தெரியவில்லை. மழை நின்று நின்று பெய்தது. சடையன் தன் கட்டிலிலிருந்தே, "மூச்சு நல்லாத்தான் போவுது சாமி" என்று அவ்வப்போது எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பாக்கியம் வந்து வந்து குனிந்து என் மூச்சை முகர்ந்தாள். சொர்ணம் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு எந்தப் பக்கத்துப் பள்ளத்துக்குப் பயப்படுவது என்றே தெரியவில்லை. ஊசி வேண்டும் என்றும் இருந்தது, ஊசியைப் பார்த்தால் உடம்பு கூசவும் செய்தது. பாவாயிக்கு இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து யோசிக்க யாருமில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

உச்சி தாண்டிய பிறகு எடுத்த நீர் பச்சையாகி, மஞ்சள் பக்கம் சாய்ந்தது. சொர்ணம் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாக்கியத்திடம் கொடுத்து அவளையும் பார்க்கச் சொன்னார்.

"பாதி போடுவோம்" என்றார். "மீதிக்கு டாக்டர் வரட்டும். எழுதுறப்ப நான் சொன்னேன்னு எழுது."

"ரெண்டு பேரும்னு எழுதறனுங்கக்கா" என்றாள் பாக்கியம்.

செல்லாயி சாமைச் சோற்றைத் தட்டில் போட்டு என் மடியில் வைத்தாள். சொர்ணம் சீசாவிலிருந்து மருந்தை இழுத்தார். உதடுகள் ஒரு கணம் அசைந்தன. ஜெபம் செய்தார் என்று நினைக்கிறேன். ஊசி இறங்கியதும் செல்லாயி முதல் கவளத்தை எடுத்து என் வாயில் வைத்தாள். அன்று இருட்டும் வரை சொர்ணம் எங்கள் கூடத்தைவிட்டு வெளியே போகவில்லை. சாப்பிட்டதாகவும் தெரியவில்லை. எனக்கு வேர்க்கவில்லை. வாசமும் வரவில்லை.

டாக்டர் மறுநாள் முழங்கால் வரை சேறாக ஏறி வந்தார். அந்தப் பிரசவத்தில் தாய் பிழைத்தாள், குழந்தை இல்லை. அந்த முகத்தோடு வந்தவர் அட்டையைப் படித்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஊசியை நிறுத்தி வச்சிருப்பேன், அது நிச்சயம்" என்றார். "பாதின்னு துணிஞ்சிருப்பேனான்னு தெரியல. தப்பக்கூடாதுன்னு மட்டும் எழுதிட்டுப் போனேனே." பேனாவை எடுத்து அட்டையில் எழுதினார். வேர்வை, நடுக்கம் இருந்தால் முதலில் ஆகாரம்; புது நீர் பார்த்து, சாப்பாடு கையில் இருந்த பிறகே ஊசி.

செல்லாயி சொர்ணத்திடம் போய் நின்றாள். "உங்களை என்னென்னமோ பேசிப்போட்டனுங்க."

"பேசினா என்ன? உன் புருஷன்" என்றார் சொர்ணம். "வீட்டுக்குப் போனா நீதான் இவருக்கு நர்ஸ். இப்படி உக்காரு. குழாயை எப்படிப் பிடிக்கணும்னு காட்டுறேன்."

அதற்குப் பிறகு நாங்கள் கிளம்புகிற வரை தினமும் செல்லாயிக்குப் பாடம்தான். நீலம், பச்சை, மஞ்சள் எல்லாம் அவளுக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது. ஊசி குத்தத்தான் கை வரவில்லை. பூசணிக்காயில் குத்திக் குத்திப் பழகினாள். அந்தப் பூசணியைச் சமைக்க யாரும் ஒப்பவில்லை.

வீடு திரும்பி, மறுபடியும் உத்தியோகத்துக்குப் போகத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கேழ்வரகு அறுவடை சமயம். முதல் நாள் இரண்டு ஊர் அதிகமாக நடந்துவிட்டு அலுத்து வந்து, சரியாகச் சாப்பிடாமல் தூங்கிப்போனேன். காலையில் ஊசியைக் கொதிக்கவைத்து நானே எடுத்தேன். செல்லாயி வந்து என் கழுத்தைத் தொட்டாள். ஊசியைக் கையிலிருந்து வாங்கி, எட்டாத பரணில் வைத்துவிட்டாள்.

"நேரமாச்சு, குடுடி!" என்று கத்தினேன். எழுத்து வாசனை இல்லாதவளுக்கு என்ன தெரியும் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் வெல்லத்தைக் கரைத்துக்கொண்டு வந்து, ஒரு கையால் என் பிடரியைப் பிடித்துக் குடிக்க வைத்தாள். பிறகு கஞ்சி கொடுத்தாள்.

தெளிந்து நிமிர்ந்து பார்த்தபோது அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். கஞ்சிக் கிண்ணத்தை இன்னும் கீழே வைக்கவில்லை.

"பயந்துட்டியா?" என்றேன்.

"அது தாண்டிப்போச்சுங்க. இனி ஊசி போடோணுமே, எப்பப் போடறதுன்னுதான் பயமா இருக்குது."

கேட்க ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை. விளக்கை ஏற்றிக் குழாயைக் காட்டினாள். நீலம். வைத்துவிட்டுப் போய் அடுப்பை மூட்டினாள். பனி விலகி வெயில் வந்தது. அறுப்புக்குப் போகிறவர்கள் வாசலில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். நடுவில் இரண்டு முறை செல்லாயி வந்து என் மூச்சை முகர்ந்தாள். அடுத்த முறை நீர் எடுத்துக் காய்ச்சியபோது, குழாயை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி வெகுநேரம் நின்று பார்த்தாள். என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை.

உள்ளே வந்து சோற்றுத் தட்டை என் மடியில் வைத்தாள். பரணிலிருந்து ஊசியை எடுத்து மறுபடி கொதிக்கவைத்தாள். மருந்தை இழுத்தாள்.

"இப்பப் போடலாமுங்க" என்றாள்.

நான் கையை நீட்டினேன்.